லொறி பழக விரும்பும் மகனுக்கு

“பதினெட்டு வயதாகிவிட்டது; இனி லொறி பழகலாந்தானே?” என்று அவசரப்படும் பிள்ளைகள் எங்குமுளர். இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அவர்களைச் சற்றே பொறுக்கச் சொல்கிறது. சரக்கு லொறியைத் தெருவில் ஓட்டுவதற்கு 20 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். இலகு வாகனம் ஓட்டும் அனுமதிப்பத்திரத்தை ஓராண்டேனும் வைத்திருந்தவருக்கே லொறி பழகும் பத்திரம் கிடைக்கும். பழகுங்கால், வண்டியின் முன்னும் பின்னும் வெண்பலகையிற் சிவப்பு ‘எல்’ எழுத்து விளங்கவேண்டும். அனுமதி பெற்ற சாரதியொருவர், வண்டியை நிறுத்தக்கூடியவாறு உடனமர்ந்திருத்தலும் வேண்டும்.

தாய்மாரே, மகன் முணுமுணுத்தால் இதைக் கூறுங்கள்: சரக்குடன் 12,000 கிலோகிராமைத் தாண்டும் பார லொறி நினைத்த மாத்திரத்தில் நில்லாது. சம்பளம் ஓராண்டு பிந்தினால் ஈடுசெய்யலாம். தெருவிற் போன உயிரை ஈடுசெய்வார் யார்?