எழுந்தது வேறு, ஆயத்தமானது வேறு

2022ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தை இலங்கையில் வாழ்ந்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இருக்கவில்லை. அக்காலத்தில் நான் பணியாற்றிய ஆசிரியபீடத்தில், மின்சாரம் மீண்டதும் கணினிகள் யாவும் உயிர்பெறும். பக்கங்களைச் சேமித்து வைக்கும் வழங்கியும் எழும்பும். ஆனால் கோப்புகளை எமக்கு எடுத்துத் தரும் சேவை மட்டும் அதற்குள் முடங்கிக் கிடக்கும். தொழில்நுட்ப உதவியாளரான இளைஞர் வந்து கையால் இயக்கினால் உடனே ஓடும். ஓரிரவு அவர் வந்துசேரத் தாமதமாகியது. வடக்குக்கான பிரதிகள் இரவு வண்டியைத் தவறவிட்டன. பழி அவர் தலையில் விழுந்தது.

தவறு அவருடையதன்று. மறுநாள் அவருடன் அமர்ந்து வழங்கியின் பதிவுகளை வாசித்தேன். கலைப் பட்டதாரியான எனக்கும் விளங்கும்படி அவர் விளக்கினார். வலையமைப்புச் சுவிட்ச் விழித்தெழுந்து, வழங்கிக்கு ஐபி முகவரி கிடைப்பதற்கு முன்பே அந்தச் சேவை தொடங்கியிருக்கிறது. இன்னும் கிடைக்காத முகவரியில் காத்திருக்க முயன்று தோற்றது. 10 விநாடிக்குள் 5 முறை என்ற இயல்பான வரம்பு முடிந்ததும் அது கைவிடப்பட்டது.

பழைய லினக்ஸில் சேவைகள் இலக்கமிட்ட வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கின. 2010இல் வெளிவந்த சிஸ்டம்டி, கூடியவரை அனைத்தையும் சமகாலத்தில் எழுப்புகிறது. வேகம் கிடைத்தது. எதற்குப் பின் எது என்று தெளிவாகச் சொல்லும் பொறுப்பு நம்மிடம் வந்தது. அங்கேதான் பலர் இடறுகிறார்கள். 'நெட்வேர்க்.டார்கெட்' என்பதற்குப் பின் தொடங்கு என்று எழுதிவிட்டால் போதும் என நினைக்கிறார்கள். வலையமைப்பை நிர்வகிக்கும் மென்பொருள் தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள். முகவரி கிடைத்துவிட்டது என்பதன்று. நமக்கு வேண்டியது 'நெட்வேர்க்-ஒன்லைன்.டார்கெட்'. அதையும் 'ஆஃப்டர்' என்ற வரியில் மட்டும் எழுதினால் போதாது. அவ்வரி வரிசையைச் சொல்லுமேயன்றி, அழைத்து வராது. 'வோண்ட்ஸ்' என்ற வரியிலும் எழுதவேண்டும்.

'முப்பது விநாடி உறங்கிவிட்டுத் தொடங்கு' என்று எழுதி ஒப்பேற்றுபவர்களும் உளர். அது ஊகம்; சுவிட்ச் ஒருநாள் நாற்பது விநாடி எடுத்தால் அந்த ஊகம் பொய்த்துப்போகும். ஒன்லைன் டார்கெட்டுங்கூட முழுமருந்தன்று. அது தொடக்க வேளையை மட்டுமே காக்கும். வலையமைப்போ நண்பகலிலும் அறுந்துபோகலாம். ஆதலால் காத்திருக்கவும் மீண்டும் முயலவும் சேவைக்கே தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. எங்கள் வழங்கியில் அந்த இளைஞர் இரண்டையும் செய்தார். மேற்சொன்ன இரு வரிகளையும் சேர்த்தார். விழுந்தால் 10 விநாடி இடைவெளிவிட்டு மீள எழும்படியும் அமைத்தார். அதன்பின் எத்தனையோ மின்வெட்டுகள் வந்தன. சேவை தானாகவே எழுந்தது.

நான்கைந்து வரிகளில் தீர்ந்த சிக்கல் அது. அதற்காக ஒரு மனிதர் வாரக்கணக்கில் ஏச்சு வாங்கினார். அவரிடம் மன்னிப்புக் கேட்க எங்கள் பீடத்தில் எவருக்கும் தோன்றவில்லை. நானும் அன்று வாய் திறக்கவில்லை. மின்சாரம் வந்ததும் ஏதாவது எழும்பாவிட்டால், ஆளைத் தேடுமுன் வரிசையைப் பாருங்கள்.