கானரில் பேசட்டும், விடுங்க டீச்சர்

என் தம்பி மகள் சென்னையில பதினொண்ணாவது படிக்கிறாள். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவள், அரையாண்டுத் தேர்வோட இங்கிலீஷ் தாளை என்கிட்ட நீட்டினாள். ஷேக்ஸ்பியர் எழுதின 'லியர் அரசன்' அவங்களுக்குப் பாடம். மூத்த மகள் கானரிலின் குணத்தை விவரின்னு அஞ்சு மார்க் கேள்வி. இவளுக்கு ரெண்டு மார்க். ஓரத்துல சிவப்பு மையில, 'கொடுத்த குறிப்பை மட்டும் எழுதவும்' என்று இருந்தது.

"அப்படி என்னம்மா எழுதின?"

"கானரில் சொல்றதுலயும் கொஞ்சம் நியாயம் இருக்குன்னு எழுதினேன் பெரியப்பா. நோட்ஸ்ல அவ கொடுமைக்காரி, நன்றி கெட்டவன்னு மட்டும்தான் இருக்கு."

அந்த மூணு மார்க்கை யார் தின்னாங்கன்னு கேட்கத்தான் இன்னைக்கு இதை எழுதறேன்.

பக்கத்துல இருந்த என் தம்பி வேற ஒண்ணு சொன்னான். "நானூறு வருஷத்து நாடகத்தை வச்சு என்ன பண்ணப் போறா? இதுக்கு நாலு பேர் முன்னாடி பேசக் கத்துக் கொடுத்தா வேலைக்காவது ஆகும்." உங்கள்ல பாதிப் பேரும் இதைத்தான் சொல்வீங்க. அவனுக்கும் பதில் வச்சிருக்கேன். முதல்ல டீச்சர்.

நான் பத்தாவது முடிச்சது 1986-ல். எங்க இங்கிலீஷ் சாரும் இதே லியர் கதையைச் சொன்னார். நாடகமா இல்லை. சார்லஸ் லாமும் அவர் அக்கா மேரியும் 1807-ல் பிள்ளைகளுக்காகச் சுருக்கி எழுதின கதையா. சொல்லி முடிச்சு, போர்டுல ஒரு கட்டுரையை எழுதிப் போட்டார். உருப்போட்டோம். 'இன்கிராட்டிட்யூட்' என்ற வார்த்தைக்கு எழுத்து தப்பாம எழுதினேன், நல்ல மார்க். அர்த்தம் நன்றி கெட்டத்தனம்னு தெரியும். அது எங்க வீட்டுத் திண்ணையில எப்படி வந்து உட்காரும்னு தெரியாது.

கதை தெரியாதவங்களுக்கு: வயசான ராஜா நாட்டை மூணு மகள்களுக்குப் பங்கு போடறார். யாருக்கு என்மேல பாசம் அதிகம், சொல்லுங்கங்கறார். பெரியவங்க ரெண்டு பேரும் அளந்து விடறாங்க. கடைசி மகள் கார்டிலியா, எனக்குச் சொல்ல ஒண்ணுமில்லைங்கறாள். அவளை விரட்டிட்டு, அவ பங்கையும் சேர்த்து ரெண்டாப் பிரிச்சுக் கொடுக்கறார். தனக்குன்னு நூறு வீரர்களை மட்டும் வச்சுக்கிட்டு, மாசம் மாறி மாறி ஒவ்வொரு மகள் வீட்டுலயும் தங்குவேங்கறார்.

மாசம் மாறி மாறி. இதை எங்க செய்யாறு பக்கத்துல 'முறை வச்சு சோறு போடறது'ன்னு சொல்வோம். தெருவுக்கு நாலு லியர் இருக்கான் இங்கே. பிள்ளைங்களுக்கு நிலத்தை எழுதிக் கொடுத்துட்டு, தட்டை எடுத்துக்கிட்டு வீடு மாறுகிற கிழவங்க. 2007-ல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டத்துல 23-ஆம் பிரிவுன்னு ஒண்ணு உண்டு. பார்த்துக்கணும்னு நிபந்தனை போட்டுச் சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கினவன் பார்த்துக்கலைன்னா, அந்தப் பத்திரத்தையே செல்லாதுன்னு அறிவிக்கச் சொல்லலாம். பார்லிமென்ட் சட்டம் போடுற அளவுக்கு இருக்கு நிலைமை. இந்த நாடகம் நமக்கு எதுக்குன்னு கேட்கறீங்க.

மூணு ராத்திரி அவள் நாடகத்தை எனக்கு வாசிச்சுத் தமிழ்ல சொன்னாள். அப்போதான் கானரில் வாயைத் திறந்து பேசறதையே கேட்டேன். அப்பாவோட ஆளுங்க சண்டை போடறாங்க, குடிச்சுட்டுக் கூத்தடிக்கறாங்க, என் வீடு வீடாவே இல்லைங்கறாள். இருக்கும்தானே? நூறு பேருக்குச் சோறாக்கிப் பார்த்தாத் தெரியும். அந்த நியாயத்துல ஆரம்பிச்சுதான் கதை கீழ இறங்குது. நூறு எதுக்கு, அம்பது போதும். அம்பது எதுக்கு, இருபத்தஞ்சு போதும். பத்து எதுக்கு, அஞ்சு எதுக்கு. கடைசியில ஒரு ஆள்தான் எதுக்குன்னு ரெண்டாவது மகள் ரீகன் கேட்கறாள்.

அங்கே நிறுத்தும்மான்னேன்.

எங்க நைனா நாலு ஏக்கரை எங்க ரெண்டு பேருக்கும் பிரிச்சுக் கொடுத்தது 2001-ல். ஒரு மாசம் என் வீடு, ஒரு மாசம் தம்பி வீடு. தனக்குன்னு அவர் வச்சுக்கிட்டது ஒரு ஜோடி உழவு மாடு மட்டும். ஊருக்கு டிராக்டர் வந்தாச்சு. அந்த வருஷம் மழையில்லை, வைக்கோல் விலை ஏறிடுச்சு. "நைனா, உழவுக்குத்தான் டிராக்டர் இருக்கே, ஜோடி மாடு எதுக்கு"ன்னு நான்தான் கேட்டேன். "ஒண்ணாவது இருக்கட்டும்டா"ன்னார். "ஒத்தை மாட்டை வச்சு ஏர் பூட்ட முடியுமா? அதுவும் எதுக்கு?"ன்னு தம்பி கேட்டான். ரெண்டும் சந்தைக்குப் போச்சு. நாங்க கேட்டதுல ஒரு வார்த்தை கணக்குத் தப்பில்லை. மாடு போன பிறகும் அவர் விடியக்காலையில எழுந்து கொட்டாய் வரைக்கும் போய்ட்டு வருவார். 2004-ல் போய்ச் சேர்ந்தார்.

நான் கொடுமைக்காரன் இல்லை. அவருக்கு வேளைக்குச் சோறு போட்டேன், வைத்தியம் பார்த்தேன். அதனாலதான் இது எனக்கு உறைக்கவே இல்லை. நன்றி கெட்டவன்னா கொம்பு முளைச்சிருக்கும்னுதானே நோட்ஸ் சொல்லிக் கொடுக்குது? நமக்குக் கொம்பில்லை, அப்போ அது நாம இல்லை. நாடகம் அப்படித் தப்பிக்க விடாது. நியாயமாப் பேசிப் பேசியே ஒரு மனுஷனை வெறுங்கையாக்கலாம்னு காட்டும். அதைக் கண்டுபிடிச்சு எழுதின பிள்ளைக்குத்தான் மூணு மார்க் குறைச்சல்.

அந்த நோட்ஸையும் வாங்கிப் பார்த்தேன். புயல்ல நனைஞ்சுகிட்டு, கூரையில்லாத ஏழைங்க இப்படிப்பட்ட ராத்திரியை எப்படித் தாங்குவாங்க, நான் ஆண்டபோது இதைக் கவனிக்காம விட்டேனேன்னு ராஜா வருந்தற இடம் அதுல இல்லை. குளோஸ்டர் பிரபுவோட கண்ணைத் தோண்டும்போது, பெயர்கூட இல்லாத ஒரு வேலைக்காரன் தன் எஜமானையே எதிர்த்துக் கத்தி உருவிச் சாகிறானே, அவனும் இல்லை. லியர் அரசனுடைய பிழைகள் நான்குன்னு நம்பர் போட்டிருக்கு. உரக்கடை ரசீது மாதிரி.

இந்த வேலை புதுசில்லை. 1681-ல் நேஹம் டேட்னு ஒருத்தர், இவ்வளவு துக்கம் ஆகாதுன்னு முடிவையே மாத்தி எழுதினார். கார்டிலியா சாகலை, கல்யாணம் பண்ணிக்கிறாள். லியருக்கு ராஜ்யம் திரும்பக் கிடைக்குது. இங்கிலாந்து மேடையில நூத்தம்பது வருஷம் கிட்டத்தட்ட இந்தச் சந்தோஷக் கதைதான் ஓடிச்சு. 1838-ல் மக்ரெடிங்கற நடிகர்தான் ஷேக்ஸ்பியர் எழுதினதைத் திரும்ப மேடையேத்தினார். டேட் சாவை எடுத்தார். நோட்ஸ் சாவை விட்டுட்டு வலியை எடுக்குது.

எங்க ஊர் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்கு வந்து பாருங்க. கடைசி நாள் படுகளம். தரையில மண்ணாலே துரியோதனனை நீட்டிப் படுக்க வச்சிருப்பாங்க. பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்துவரச் சொல்லி அவமானப்படுத்தினவன் அவன்தான்னு எல்லாருக்கும் தெரியும். அவன் சாகணும்னுதான் ராத்திரியெல்லாம் கூத்துப் பார்த்தோம். அவன் விழுந்த பிறகு அவனுக்கும் ஒப்பாரி உண்டு. தப்புப் பண்ணினவன் விழுந்தாலும் அழுகிறவங்க நாங்க. துன்பியல்னா என்னன்னு எங்க பிள்ளைங்களுக்குக் குறிப்பு வேண்டியதில்லை. நாடகத்தைக் கையில கொடுத்தாப் போதும்.

அதனால டீச்சர், பாடத்தை வகுப்புல வாய்விட்டுப் படிக்க விடுங்க. ஒருத்தி கானரில், ஒருத்தன் லியர், ஒருத்தன் அந்த வேலைக்காரன். கானரிலுக்காக வாதாட ஒரு பிள்ளைக்காவது இடம் கொடுங்க. எல்லாம் முடிஞ்ச பிறகு நோட்ஸ் கொடுங்க, வேண்டாங்கலை.

தம்பிக்கும் சொல்றேன். பேசக் கத்துக் கொடுக்கணும்னியே, அன்னைக்கு நைனாகிட்ட நாம ரெண்டு பேரும் நல்லாத்தானே பேசினோம்? பேச்சு வந்துச்சு. நாம என்ன பேசறோம்னு காதுல விழலை. அந்தக் காதைத்தான் இந்த மாதிரி நாடகம் திறக்கணும். பதினாறு வயசுல படிச்சிருந்தா மாட்டை விட்டு வச்சிருப்பேனான்னு கேட்டா, சத்தியம் பண்ண மாட்டேன். 'எதுக்கு'ன்னு கேட்கும்போது நாக்கு ஒரு நொடி நின்னிருக்கும். அவ்வளவுதான். அந்த ஒரு நொடிக்கு மூணு மார்க் தரலாம்.

மல்லாட்டைக் கொல்லையில களை எடுக்க ஆள் வந்தாச்சு. வரேன்.