பழவேற்காட்டின் சத்தம் யாருடைய பாடு?

கடலோரச் சிற்றூர்களின் இசையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு குரல்கள் தவறாமல் ஒலிக்கின்றன. ஒன்று தூய்மைவாதிகளின் குரல். மீனவனின் பாட்டு அவன் தொண்டையிலிருந்தும் துடுப்பின் தாளத்திலிருந்தும் மட்டுமே பிறக்கவேண்டும், மின்னணுக் கருவி நுழைந்தால் மண்ணின் மணம் கெட்டுவிடும் என்பது அதன் சாரம். மற்றொன்று வியாபாரிகளின் குரல். கீபோர்டில் ‘ஃபோக்’ என்று பெயரிட்ட பொத்தானை அமுக்கி மேலே ஓர் ‘ஏலேலோ’வைத் தூவினால் கடற்கரை வந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. இவ்விருவரும் எதிரெதிர் அணியினர் என்று நம்பப்படுகிறது. நாங்கள் அப்படிக் கருதவில்லை. மீனவக் கிராமம் இருவருக்குமே ஒலியின் கச்சாப்பொருள் கிடைக்கும் இடம் மட்டுமே. அங்கிருந்து ஒலியை எடுக்கலாம். அங்கே ஒலியை ஆக்கக்கூடாது என்பதில் இருவருக்கும் பூரண உடன்பாடு.

இந்த உடன்பாட்டை உடைப்பதற்காகவே, பொருந்தாததாகத் தோன்றும் இரண்டை இங்கே சேர்த்து வைக்கிறோம். ஒன்று பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்கள். மற்றொன்று மாடுலர் சிந்தசைசர். பின்னது மேலைநாட்டுப் பணக்காரர்களின் விளையாட்டுச் சாமான் என்று எண்ணுவோர் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாடுலர் சிந்தசைசர் என்பது ஒரே கருவியன்று. தனித்தனிப் பெட்டிகளின் கூட்டம். ஒரு பெட்டி மின்னலையை எழுப்பும், அது ஆஸிலேட்டர். இன்னொன்று அந்த அலையிலிருந்து வேண்டாத பகுதியை வடிகட்டும், அது ஃபில்டர். மூன்றாவது, ஒலி எவ்வளவு வேகமாக எழுந்து எப்படி அடங்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். இவற்றை வயர்களால் இணைத்தால் கிடைப்பது ஒரு ‘வாய்ஸ்’, அதாவது ஒரு குரல். அமெரிக்காவில் ராபர்ட் மூக் 1964இல் உருவாக்கிய அமைப்பின் அடிப்படை இதுவே. ஒரு குரலால் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தைத்தான் பாடமுடியும் என்பது பொது விதி. ஆனால் மூன்று ஆஸிலேட்டர்களை ஸட்ஜமம், அந்தர காந்தாரம், பஞ்சமம் என்று கூட்டி, மூன்றையும் ஒரே ஃபில்டருக்குள் செலுத்தினால், அந்த ஒற்றைக் குரலே மேற்கத்திய இசையில் கார்ட் எனப்படும் சுரக்கூட்டாகிவிடும். ஃபில்டரை மெல்லத் திறக்க, மூன்று சுரங்களும் ஒரே தொண்டையிலிருந்து வருவதுபோல் ஒன்றாய் வெளுக்கும். மூட, ஒன்றாய்க் கறுக்கும். அந்நிலையில் அது மூன்று சுரமா, அல்லது புதிய நிறமுள்ள ஒரே நாதமா என்று காது தடுமாறும்.

இந்தத் தடுமாற்றம் தமிழ்க் காதுக்குப் புதிதா? தம்புராவின் மந்தர ஸட்ஜமத்தை மீட்டிவிட்டு உற்றுக் கேட்டவர்கள், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் அதிலிருந்து தானே கிளம்புவதை அறிவார்கள். தந்தியின் ஐந்தாவது மேற்சுரம் அது. நான்கு, ஐந்து, ஆறாவது மேற்சுரங்களைச் சேர்த்துக் கேட்டால் மேற்கத்தியரின் மேஜர் கார்ட் அப்படியே அங்கே இருக்கிறது. குதிரையின்மேல் நூலைச் செருகி ஜீவா கூட்டும் கலைஞர் செய்வதென்ன? மேற்சுரங்களைப் பொலியவைக்கிறார். மாடுலர்க்காரர் ஃபில்டரைத் திருகிச் செய்வதும் அதையேதான். சுரக்கூட்டும் நாதத்தின் நிறமும் இருவேறு பொருள்கள் அல்ல, ஒன்றே இருவிதமாகக் கேட்கப்படுவது என்னும் உண்மையை நம் தம்புரா பன்னெடுங்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இன்று எத்தனையோ கச்சேரி மேடைகளில் அந்தத் தம்புராவின் இடத்தில் இருப்பது மின்னணுச் சுருதிப்பெட்டி. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ‘மின்னணு ஒலி நம் மரபுக்கு அந்நியம்’ என்று பேசுவது எங்களுக்கு வேடிக்கையாக இருக்கிறது.

நம் இசைக்கு உண்மையில் இடைஞ்சலாக இருப்பது மின்சாரமல்ல, பன்னிரண்டு கட்டைகள் என்னும் கட்டம். கமகத்துக்கு இடமில்லாத நிலைத்த சுரங்கள் என்ற காரணத்தை முன்வைத்தே 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது; விலக்கு தளர 1970களின் தொடக்கம்வரை ஆயிற்று. அந்தத் தடையை நாங்கள் ஆதரிக்கவில்லை. ஆனால் அதன் பின்னிருந்த செவியுணர்வு பொய்யன்று. மூக் அமைப்பில் ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏறும். ஒரு வோல்ட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே பன்னிரண்டு படிகளைச் செதுக்குவது கட்டைப்பலகையே தவிர மின்னழுத்தமன்று. மின்னழுத்தம் வழுக்கிச் செல்லும், அசையும், இரண்டு சுரங்களுக்கு நடுவே நின்று நடுங்கும். ஏறத்தாழ அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் டான் புக்லா தம் கருவியில் பியானோக் கட்டைகளையே தவிர்த்தார். ஆக, வியாபாரியின் கீபோர்டையும் மாடுலரையும் ‘சிந்தசைசர்’ என்ற ஒரே சொல்லால் அழைத்து ஒன்றாகத் தள்ளுவது சோம்பல். முன்னது யாரோ முன்பே தீர்மானித்த ஒலியைத் தருகிறது. பின்னதில் தீர்மானிக்காமல் ஒலியே பிறக்காது.

‘இதெல்லாம் இந்தியாவில் நடக்குமா’ என்று கேட்போருக்கு: நடந்திருக்கிறது. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் மூக் மாடுலர் அமைப்பு ஒன்று நிறுவப்பட்டது. நிறுவிக் கொடுத்தவர் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர். கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் இயற்றினார்கள். 1940களில் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசை கற்பித்து, அவரிடம் மேற்கத்திய இசை பயின்றவர் இந்தக் கீதா சாராபாய். சில ஆண்டுகளிலேயே அந்தக் கூடம் ஓய்ந்தது. நாடாக்கள் ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. பால் பர்காஸ் என்னும் பிரிட்டிஷ் கலைஞரின் தேடலால் 2023இல்தான் அவை இசைத்தொகுப்பாக வெளிவந்தன. அரை நூற்றாண்டு!

இதைப் பெருமைக்குரிய வரலாறாக மட்டும் பேசுவதில் எங்களுக்கு ஒப்புதலில்லை. கருவி வந்தது, திறமை இருந்தது, ஆனால் சுவருக்கு வெளியே எதுவும் போகவில்லை. நாட்டுப்புற இசைஞர் ஒருவரின் விரல் அந்தத் திருகிகளில் படவேண்டும் என்பது அந்தக் காலத்தின் கனவிலேயே இல்லை. அதே வருணப் பாகுபாடுதான் இன்று வேறு உடையில் நிற்கிறது: சிலர் ஒலியை இயற்றுவார்கள், மற்றவர்கள் ஒலியாக இருப்பார்கள்.

இப்போது பழவேற்காட்டுக்கு வருவோம். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில்; தென்கோடி நம் திருவள்ளூர் மாவட்டத்தில். 1613இல் டச்சுக்காரர்கள் ஜெல்டிரியா கோட்டை கட்டிய ஊர். ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து 1971 முதல் ராக்கெட்டுகள் கிளம்புகின்றன. அந்த நாட்களில் ஏவுதள எல்லைக்கு அப்பால் நிற்குமாறு மீனவர்கள் எச்சரிக்கப்படுகிறார்கள். ராக்கெட்டின் உறுமலைக் கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் போய் ‘மின்னணு ஓசை உன் பண்பாட்டுக்கு ஒவ்வாது’ என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அம்பாப் பாட்டின் பெயரால் கண்ணீர் விடுவோரிடமும் ஒன்று கேட்கிறோம். அம்பா என்பது என்ன? பலர் சேர்ந்து துடுப்பு வலிக்கவும், கரைவலை இழுக்கவும், மூச்சையும் கையையும் ஒன்றாக்கிய தொழில்பாட்டு. அது அருங்காட்சியகத்துக்காகப் பாடப்பட்டதன்று. எஞ்சின் வந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக ஃபைபர் படகுகள் குவிந்தன. கடலுக்குப் போகிறவர்களுக்குத் துடுப்புப் பாட்டின் வேலை எஞ்சின் கைக்குப் போயிற்று. ஏரிக்குள் கழி ஊன்றிச் செல்லும் படகுகள் இன்னும் உண்டு என்றாலும், இக்கரையின் இன்றைய சுருதி பெருமளவு டீசல் சுருதிதான். அந்த இரைச்சலுக்குள்ளும் மேற்சுரங்கள் இருக்கின்றன. அதையும் ஃபில்டரில் வடிக்கலாம், அதோடு ஆஸிலேட்டரைச் சுருதி சேர்க்கலாம். தொழிலை மாற்றிக்கொள்ள உரிமையுள்ளவனுக்கு அத்தொழிலின் சத்தத்தைக் கொண்டு புதிதாக ஆக்கும் உரிமை இல்லையா?

‘முகத்துவாரம் மணல்மூடி மீன்வரத்து குறைகிறது, துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் நெருக்குகின்றன, இந்நிலையில் சிந்தசைசர் ஒரு கேடா’ என்பது அடுத்த கணை. கேள்வியில் அக்கறை இருக்கிறது. ஆனால் ஓரவஞ்சனையும் இருக்கிறது. மயிலாப்பூரில் குடிநீர்ச் சிக்கல் தீர்ந்தபிறகே மார்கழிக் கச்சேரி நடக்கவேண்டும் என்று எவரும் சொல்வதில்லை. வாழ்வாதாரம் முடிந்த பிறகுதான் கலை என்ற நிபந்தனை ஏழைகளுக்கு மட்டும் ஏன்? செலவைப் பற்றியும் பயமுறுத்த வேண்டியதில்லை. மாடுலர் பெட்டிகள் விலை மிகுந்தவைதாம். ஆனால் விசிவி ராக் என்னும் கட்டற்ற மென்பொருள் 2017 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பள்ளிக்கூடக் கணினியிலேயே மேற்சொன்ன மூன்று ஆஸிலேட்டர் சோதனையைச் செய்து பார்க்கலாம்.

கடைசியாக உரிமை. பதிவுக்கருவியோடு வந்து பாட்டையும் அலையையும் எஞ்சினையும் அள்ளிக்கொண்டு, அதைச் சிந்தசைசரில் ஊற்றி ‘ஒலிக்கலை’ என்று விற்பவர்களை நாங்கள் மறந்துவிடவில்லை. நம் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளர். பாடியவருக்கென்று உரிமை ஒன்று எழுதப்பட்டதே 1994 திருத்தத்தில்தான். சட்டம் இப்படியிருக்க, ஏரிக்கரையில் இதைவிடப் பழைய முறை ஒன்று உண்டு. அதன் பெயர் பாடு. மீன்பிடிக்கும் இடங்களை யார் எந்த நாளில் பயன்படுத்துவது என்று கிராமங்களுக்கும் குடும்பங்களுக்கும் முறைவைத்துப் பங்கிடும் ஏற்பாடு அது. அதற்குள் சாதி வரம்பு உண்டு. மரபுரிமை இல்லாதோர் ஒதுக்கப்படுகிறார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் ‘எனக்கு வலை இருக்கிறது என்பதாலேயே நீர் எனதாகிவிடாது’ என்ற நியதி அதில் இருக்கிறது. மைக் வைத்திருப்பவருக்கும் அந்த நியதி பொருந்தவேண்டும். கேட்டு எடுக்கட்டும், முறைப்படி எடுக்கட்டும், பெயர் சொல்லட்டும், வருவதில் பங்கு கொடுக்கட்டும். அதைவிட முக்கியமாக, கருவியைக் கரையில் விட்டுவிட்டுப் போகட்டும்.

பாடு என்றால் உழைப்பு; பாடு என்றால் முறை; பாடு என்றால் ஏவல். முதல் இரண்டையும் கோட்டைக்குப்பமும் நடுக்குப்பமும் ஆண்டிக்குப்பமும் யாரிடமும் கற்கவேண்டியதில்லை. மூன்றாவதை மட்டும் எந்தக் குரலில், எந்தக் கருவியில் என்று வெளியிலிருந்து நிர்ணயிக்கும் அதிகாரத்தை நமக்கு யார் கொடுத்தார்கள்? தூய்மைவாத நண்பர்கள் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். மற்றவற்றைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.