வளைந்த முதுகுகளும் ஒரு நீதியரசரும்

கலிபோர்னிய மாநில உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதியரசர் ரோஸ் பேர்ட்டை 1986 நவம்பரில் மக்களே வாக்களித்துப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அவருக்கெதிராக வாக்களித்தோர் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர். 'மக்கள் தீர்ப்பு வழங்கிவிட்டார்கள், இனியென்ன வாதம்?' என்று கேட்கும் நண்பர்கள் நம்மிடையேயும் உளர். வாதம் இருக்கிறது.

கலிபோர்னியாவின் பெரும் பண்ணைகளில் களையெடுப்போருக்குக் கைப்பிடி குறுகிய மண்வெட்டியே தரப்பட்டது. நாள் முழுவதும் இடுப்பை மடித்துக் குனிந்தே நிற்கவேண்டும். நிமிர்ந்தவன் வேலை செய்யவில்லை என்பதைக் கங்காணி தூரத்திலிருந்தே கண்டுகொள்வான். கருவியின் சூட்சுமம் அதுதான். (மலையகத்துத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) 1975இல் அக்கருவி தடைசெய்யப்பட்டது. விவசாயத் தொழிலாளர் இரகசிய வாக்கெடுப்பின் மூலம் தம் சங்கத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமைச் சட்டமும் அவ்வாண்டே நிறைவேறியது. இரண்டிலும், அன்று ஆளுநர் ஜெரி பிரௌனின் விவசாயச் செயலாளராயிருந்த பேர்ட்டின் கை இருந்தது. பண்ணை முதலாளிகள் அதை மறக்கவில்லை.

1977இல் பிரௌன் அவரைப் பிரதம நீதியரசராக்கினார். அந்த மன்றத்தில் அமர்ந்த முதற் பெண் அவரே. தம்முன் வந்த அறுபதுக்கும் மேற்பட்ட மரண தண்டனை வழக்குகளில் ஒன்றிலேனும் அத்தண்டனையை அவர் உறுதிசெய்யவில்லை. எதிரிகளுக்கு இது வாய்ப்பாயிற்று. கொலையுண்டோரின் உறவினர் கண்ணீர் தொலைக்காட்சித் திரையில் ஓடியது. அக்கண்ணீர் உண்மையானது, அதை இகழ நமக்கு உரிமையில்லை. ஆனால் அதைத் திரைக்குக் கொண்டுவந்த பணம் யாருடையது? பெரும் பண்ணையாளரும் எண்ணெய் உற்பத்தியாளரும் திடீரெனக் கொலையுண்டோர்மீது இரக்கங் கொண்டார்களா?

அவருடன் வீழ்த்தப்பட்ட ஜோசப் குறோடின் சில மரண தண்டனைகளை உறுதிசெய்தவர். மற்றவரான குறூஸ் ரெய்னோசோ, விவசாயத் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்தவர். தூக்குமரமே பிரச்சினையென்றால் குறோடின் ஏன் வீழ்ந்தார்?

விடை 1988இல் கிடைத்தது. விபத்தில் பாதிக்கப்பட்டவர், விபத்துக்குக் காரணமானவரின் காப்புறுதிக் கம்பனி நேர்மையற்று நடந்தால் அதன்மீதே வழக்குத் தொடரலாம் என 1979இல் அதே மன்றம் தீர்த்திருந்தது. மல்கம் லூக்காஸ் தலைமையிலான புதிய மன்றம் அவ்வுரிமையைப் பறித்தது. அநீதியாக வேலைநீக்கப்பட்டோர் கோரக்கூடிய நட்டஈட்டையும் அவ்வாண்டே குறுக்கியது. வாக்காளரிடம் கேட்கப்பட்டது கொலைகாரரைப் பற்றி; அறுவடை சென்றதோ காப்புறுதிக் கம்பனிகளின் களஞ்சியத்துக்கு.

பேர்ட் 1999இல் மறைந்தார். இடையில் ஏழைகளுக்கான சட்ட உதவி நிலையமொன்றில் ஊதியமின்றிப் பிரதியெடுக்கும் வேலை செய்தார்.