முதல் அறுவை முறையாக அமையட்டும்

குழந்தையின் கையிலோ காலிலோ வலியில்லாத கட்டி ஒன்று தென்படுகிறது. கொழுப்புக் கட்டி என்று கருதி உள்ளூரிலேயே அகற்றிவிடுகிறார்கள். சில மாதங்களில் அதே இடத்தில் அது மீண்டும் வளர்கிறது. தில்லிக்கோ மும்பைக்கோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகுதான் புற்றுநோய் என்று தெரிகிறது. பெருநகரப் புற்றுநோய் மருத்துவமனைகளுக்குப் பழகிப்போன அவலம் இது.

குழந்தைகளைத் தாக்கும் மென்திசுப் புற்றுநோய்களில் முதன்மையானது ராப்டோமயோசார்கோமா. ஒரு காலத்தில் இதற்காகக் கை, கால்களையே வெட்டியெடுத்தனர். அப்படியும் பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் பரவிவிட்ட புற்றணுக்களைக் கத்தியால் மட்டும் அகற்ற இயலாது என்பதே காரணம். 1972-இல் அமெரிக்காவில் தொடங்கிய கூட்டு ஆய்வுகள் அறுவை, மருந்து, கதிர்வீச்சு மூன்றையும் ஒருங்கிணைத்தன. பிற உறுப்புகளுக்குப் பரவாத நிலையில் கண்டறியப்பட்டால், வளர்ந்த நாடுகளில் இன்று பத்தில் ஏறத்தாழ ஏழு குழந்தைகள் பிழைக்கின்றனர்.

இதனால் அறுவைச் சிகிச்சையின் தேவை குறைந்துவிடவில்லை. அதைச் செய்யும் வேளையும் முறையும்தான் மாறியுள்ளன. முதலில் எம்.ஆர்.ஐ. படமும் திசுப் பரிசோதனையும் அவசியம். ஊனம் நேராமல், சுற்றியுள்ள நல்ல திசுவில் சிறிதளவுடன் கட்டியை முழுமையாக எடுக்க முடிந்தால் உடனே எடுக்கலாம். இயலாதெனில் மருந்தால் சுருக்கிய பின் எடுக்கலாம். கண்குழியில் தோன்றும் கட்டிக்குப் பெரும்பாலும் திசுப் பரிசோதனையே போதும். கண்ணை அகற்ற வேண்டியதில்லை. அரைகுறையாக அகற்றினாலோ, மறு அறுவையும் கூடுதல் கதிர்வீச்சும் தேவைப்படக்கூடும்.

அனைத்து மாவட்ட மருத்துவமனைகளிலும் 3 ஆண்டுகளில் புற்றுநோய் பகல்நேர சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. மருந்து ஏற்றிக்கொள்ளப் பெருநகரங்களுக்கு அலைவதை இது குறைக்கும், வரவேற்போம். ஆனால், சந்தேகத்துக்குரிய கட்டியைப் பரிசோதிக்காமல் அகற்றக் கூடாது என்னும் நெறிமுறையும் உடன் வர வேண்டும். டாடா நினைவு மருத்துவமனை உள்ளிட்டவை இணைந்து 2012-இல் உருவான தேசியப் புற்றுநோய் மருத்துவமனைக் கூட்டிணைப்பின் வல்லுநர்களிடம் படங்களையும் திசு அறிக்கைகளையும் அனுப்பி, மாவட்ட மருத்துவர்கள் ஆலோசனை பெற வழி செய்ய வேண்டும். காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்றாலும், வேலையை விட்டு வெளியூரில் தங்கும் பெற்றோரின் செலவுக்கும் அரசு உதவ வேண்டும்.

புற்றுநோய் கண்ட குழந்தைகளில் 60 சதவீதத்தினரையேனும் காப்பாற்றும் நிலையை 2030-க்குள் எட்ட வேண்டும் என 2018-இல் உலக சுகாதார அமைப்பு இலக்கு நிர்ணயித்தது. காலம் அதிகமில்லை. பிறந்த ஊர் எது என்பது ஒரு குழந்தையின் ஆயுளைத் தீர்மானிக்கக் கூடாது.