கலஹா வீதியில் ஒரு வாசல்

பேராதனைப் பல்கலைக்கழகத்து உபவேந்தர் அவர்களின் மேலான சமுகத்துக்கு,



கலஹாவிலிருந்து கண்டிக்கு வரும் பஸ், ஹிந்தகலையைக் கடந்ததும், தங்கள் பல்கலைக்கழகத்தின் நடுவாகச் செல்லும் வீதியிலேதான் ஓடுகிறது. கண்டியில் குடியிருந்துகொண்டு, கலஹாப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலையொன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் ஆசிரியனாயிருந்த நான், நாள்தோறும் இருமுறை அவ்வழியாகப் போய்வந்தவன். சனிக்கிழமைகளில் ரியூசன் வகுப்புக்காகக் கண்டிக்குச் செல்லும் தோட்டத்துப் பிள்ளைகளும் அதே பஸ்ஸில் வருவார்கள். செனேற் கட்டடத்தின் கருங்கற்றூண்களையும், மகாவலிக்கரை மரங்களையும், புத்தகத்தை மார்போடணைத்து நடந்து செல்லும் மாணவியரையும் அவர்கள் ஜன்னலோரத்தில் நெருக்கியடித்துப் பார்ப்பார்கள். வளாகம் பின்னே போனதும் பேச்சைத் தொடர்வார்கள். இத்தனை ஆண்டுகளில் அந்த இடத்தில் இறங்கிச் சென்ற பிள்ளைகளை நான் விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த மனத்தாங்கலே இம்மடலை எழுதத் தூண்டியது.

என் மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். தாய் கொழுந்து பறிப்பவர். தந்தை கண்டியில் ஒரு கடையில் மூட்டை தூக்குபவர். ஒருமுறை மாணவரைக் கடலாதெனியா விகாரைக்கு அழைத்துச் சென்றேன். 1344ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற அவ்விகாரையின் தலைமைச் சிற்பி தென்னாட்டிலிருந்து வந்த கணேஸ்வராசாரி என்று நான் விளக்கிக்கொண்டிருக்க, இந்தப் பிள்ளை மட்டும் படிக்கட்டருகே அமர்ந்து, கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் அங்கிருந்த கல்வேலையைத் தேய்ந்த பென்சிலால் வரைந்துகொண்டிருந்தாள். கல் உடைந்திருந்த இடத்தை அவள் தன் கற்பனையால் நிரப்பவில்லை. உடைவையும் உடைவாகவே வரைந்திருந்தாள். சித்திரமும் தமிழும் நாடகமும் கற்று உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறும் பெற்றாள். அழகியற் கற்கைகள் சிலவற்றுக்கு இசற் (Z) புள்ளி மாத்திரம் போதாது. உளச்சார்புப் பரீட்சைக்கோ செய்முறைப் பரீட்சைக்கோ தனியே விண்ணப்பித்தாக வேண்டும். அதற்கான அறிவித்தல் பத்திரிகையில் வந்த வாரத்தில், பத்திரிகை வராத அவளுடைய லயத்துக்கு வந்து சேர்ந்தது வேறொரு துண்டுப்பிரசுரம். சித்திரமும் அந்நிய பாஷையும் ஓராண்டில் கற்பித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிவைப்பதாக அது கூறியது. தாயின் தோடு அடகுக்குப் போயிற்று. பளபளக்கும் தாளில் அச்சிட்ட ஒரு பற்றுச்சீட்டும், பத்து மாதம் கழித்து, எந்தப் பல்கலைக்கழகமும் பொருட்படுத்தாத ஒரு சான்றிதழும் கிடைத்தன. அவற்றை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்த அத்தாய் கேட்ட கேள்வி இது: “படிப்பு பிரீன்னு சொல்றாங்களே சேர், அப்புறம் எங்க புள்ளைக்கு மட்டும் ஏன் இவ்வளவு காசு முடிஞ்சிச்சு?”

அக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை. வரலாறு மாத்திரமே இருந்தது. பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி என்னும் பெருங்கொடையை அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா அவர்கள் 1945இல் இந்நாட்டுக்கு ஈட்டித் தந்தார். ஆயினும் தோட்டப் பாடசாலைகள் அக்கொடையின் நிழலுக்கு வெளியே நின்று, 1970களிலேதான் அரசின் கைக்கு வந்து சேர்ந்தன. ஒரு தலைமுறை பிந்தி வந்தவர்களுக்குக் கட்டணம் இல்லாமலிருப்பது மட்டும் போதுமானதன்று. எந்த வாசல் எப்போது திறக்கிறது என்று சொல்லித்தர வீட்டில் ஒருவர் இருப்பதும் கல்வியின் பாகமேயாகும். நகரத்து வைத்தியரின் மகனுக்கு அந்த அறிவு சாப்பாட்டு மேசையில் கிடைக்கிறது. எங்கள் பிள்ளை அதை விலைகொடுத்து வாங்குகிறாள். வாங்கியது பொய்யென்று பின்னரே அறிகிறாள்.

மலிவான கல்லூரி எது என்று பெற்றோர் என்னைக் கேட்கும்போதெல்லாம், மலிவானவை அல்ல, இலவசமானவையே இருக்கின்றன என்று சொல்லி வருகிறேன். தமிழில் இசையும் நடனமும் கற்க விரும்பும் பிள்ளைக்கு மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைப் பீடமும், மட்டக்களப்புக் கல்லடியில் சுவாமி விபுலாநந்தர் பெயரால் அமைந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் உள்ளன. பிரெஞ்சும் ஜேர்மனும் ஜப்பானியமும் கற்கக் களனிப் பல்கலைக்கழகத்தில் நவீன மொழிகள் துறை உண்டு. வேலைபார்த்துக்கொண்டே படிக்க எண்ணுபவர்களுக்கு, கட்டணம் உண்டெனினும், பொல்கொல்லையில் திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் இருக்கிறது. 1981இல் ஏற்பட்ட மஹாபொல நிதி வறிய மாணவர் பல்லாயிரவருக்குக் கைகொடுத்து வந்திருக்கிறது. கடல் கடந்து செல்ல விரும்புவோருக்கு இந்திய அரசின் கலாசார உறவுகள் மன்றம் பட்டப்படிப்புக்கும், இசை நடனப் பயிற்சிக்குங்கூட, புலமைப்பரிசில் அளிக்கிறது. அதைப் பற்றி விசாரிக்க இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் கண்டி நகரிலேயே இருக்கிறது. ஜேர்மனியின் அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கற்பித்தற் கட்டணம் இல்லையென்பது மெய். ஆனால் துண்டுப்பிரசுரக்காரர் அந்த ஒரு மெய்யை மட்டும் சொல்லி, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கென, 2024 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த கணக்கின்படி 11,904 யூரோவை, முன்கூட்டியே வங்கியில் கட்டிக் காட்டவேண்டும் என்னும் விதியையும், ஜேர்மன் மொழியில் நடக்கும் பட்டப்படிப்புக்கு அம்மொழியிலே உயர்ந்த தேர்ச்சி வேண்டும் என்பதையும் மறைத்துவிடுகிறார்கள். இவற்றையெல்லாம் அறிய எனக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் பிடித்தன. ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு பிற்பகலில் இவற்றைச் சொல்லிவிடலாம்.

தங்கள் பல்கலைக்கழகத்திடம் ஒரு வேண்டுகோள் விடுப்பதற்கு எனக்கு உரிமை உண்டென்றே நம்புகிறேன். இந்நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1906இல் சங்கம் அமைத்துக் குரல்கொடுத்தவர்களுள் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களும் ஆனந்த குமாரசுவாமி அவர்களும் இருந்தனர்; பின்னவரே கண்டி நாட்டுக் கைவினைஞரின் கலையை ஆராய்ந்து 1908இல் பெருநூலொன்றை உலகுக்கு அளித்தவர். பேராசிரியர் வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’ என்றும், பின்னர் ‘இராவணேசன்’ என்றும், கிராமத்துக் களரியில் ஆடப்பட்ட கூத்தைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டே நவீன மேடைக்குக் கொணர்ந்தது பேராதனையிலேதான். பின்னாளில் பேராசிரியரான கைலாசபதி இங்கே தமிழ் கற்றுப் பர்மிங்ஹாம் சென்று, சங்கப் பாட்டைக் கிரேக்க வீரகாவியத்தோடு ஒப்புநோக்கிய ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்டில் நூலாயிற்று. கலையும் பாஷையும் கடல்கடந்த கல்வியும் ஒன்றோடொன்று பிணைந்து செழித்த இடம் இது. அவ்விடத்தின் நடுவாகப் பஸ்ஸில் போகும் பிள்ளைகள் அம்மூன்றையும் தேடித் துண்டுப்பிரசுரங்களை நம்பிச் செல்வது என் மனத்தை வருத்துகிறது.

நான் வேண்டுவது புதிய கட்டடமன்று, புதிய துறையுமன்று. உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளை பல்கலைக்கழகத்தில் காலடி வைக்க ஓராண்டுக்கும் மேல் ஆகிவிடுகிறது. அந்த வெற்றுக்காலமே தரகர்களின் அறுவடைக்காலம். அக்காலத்தில் சனிக்கிழமை தோறும் கலைப்பீடத்தில் ஓர் அறையைத் திறந்துவைத்து, அங்கே எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலே விளக்கித் தொடக்க ஆங்கிலமும், இயன்றால் பிரெஞ்சோ ஜேர்மனோ கற்பிக்கவும், செய்முறைப் பரீட்சை அறிவித்தல்களையும் புலமைப்பரிசில் விண்ணப்பங்களையும் உரிய நாளில் அவர்கள் கையில் சேர்ப்பிக்கவும் ஏற்பாடு செய்தருள வேண்டும். விரிவுரையாளரின் சுமையை நான் அறிவேன். ஆகவே அவர்களைக் கேட்கவில்லை. இறுதியாண்டு மாணவரே போதும். அவர்களுள் மலையகத்துப் பிள்ளைகள் சிலரும் இருக்கிறார்கள். விண்ணப்பப் படிவம் நிரப்பும் வேலைக்கு என்னைப்போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஊதியமின்றி வருவோம்.

அந்த மாணவி மீண்டும் விண்ணப்பிக்கத் தீர்மானித்திருக்கிறாள்; அடகுவைத்த தோடு இன்னும் மீளவில்லை. சனிக்கிழமை காலை கலஹா பஸ் வளாகத்துக்குள் நுழைந்து செனேற் கட்டடத்தண்டை நிற்கிறது. எந்த அறை, எத்தனை மணிக்கு என்று தாங்கள் அறிவிப்பீர்களாயின், பிள்ளைகளை அங்கே இறக்கி அழைத்து வருவது என் பொறுப்பு.

இங்ஙனம்,

ஓய்வுபெற்ற தமிழாசிரியன் ஒருவன்,
கண்டி.