பீடிக்குச் சாக்கு மாசுக் காற்றா?

ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் டில்லி மாநகரைப் புகை மூடிக்கொள்கிறது. பஞ்சாப், அரியானா பகுதிகளில் நெல் அறுத்த வயலில் நிற்கும் தாளுக்குத் தீ வைப்பதும் அதற்கு ஒரு காரணம். உடனே, "டில்லிக் காற்றை ஒரு நாள் சுவாசிப்பது இத்தனை சிகரெட் குடிப்பதற்குச் சமம்" என்று செய்தி வருகிறது. விவசாயிகள் பயிற்சிக்காகக் கிராமங்களுக்குச் செல்லும்போது இச்செய்தி வேறு உருவில் என் காதுக்கு வருகிறது. "பீடி தொடாதவனுக்கும் புற்றுநோய் வருகிறது. காற்றே கெட்டுப்போன பிறகு என் பீடி என்ன செய்துவிடப் போகிறது?" என்று கேட்கிறார்கள். இந்த வாதத்தின் முதல் பாதி உண்மை. பின்பாதி உயிருக்கு உலை வைப்பது.

பிரான்சு நாட்டின் லியான் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012ஆம் ஆண்டில் டீசல் புகையையும், 2013இல் வெளிக்காற்று மாசையும் புற்றுநோயை உண்டாக்குபவை என்று முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலைப் புகையும் அதே பிரிவில்தான் உள்ளது. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு பொருள் நோயை உண்டாக்கும் என்பதற்குச் சான்று எவ்வளவு உறுதியாக உள்ளது என்பதையே இப்பிரிவு காட்டும். அது எவ்வளவு பேரை வீழ்த்தும் என்பதைக் காட்டாது. நெற்பயிரைத் தாக்கும் பூச்சிகளின் பட்டியலில் வெட்டுக்கிளியும் உண்டு, புகையானும் உண்டு. அதற்காக இரண்டும் ஒரே அளவு சேதம் செய்யும் என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார்.

அளவைப் பார்ப்போம். புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை டால், பிராட்போர்டு ஹில் என்ற இரு பிரிட்டிஷ் அறிஞர்கள் 1950இல் எடுத்துக்காட்டினார்கள். அதன் பிறகு நடந்த ஆய்வுகளின்படி, சிகரெட் புகைப்பவருக்கு இந்நோய் வரும் அபாயம் புகைக்காதவரைப்போல் 15 முதல் 30 மடங்கு. காற்றிலுள்ள நுண்தூசியோ, ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் இந்த அபாயத்தை ஏறத்தாழ 9 சதவீதம் கூட்டுகிறது. 100 மைக்ரோகிராம் கூடினாலும் கணக்குப்படி இரண்டு மடங்கைச் சற்றே தாண்டும். இரண்டு மடங்கும் சிறிய தீங்கல்ல. ஆனால் 15 மடங்கின் பக்கத்தில் அதை நிறுத்த முடியாது.

அப்படியானால் சிகரெட் கணக்கு எங்கிருந்து வந்தது? 22 மைக்ரோகிராம் நுண்தூசி, நாளொன்றுக்கு ஒரு சிகரெட்டுக்குச் சமம் என்று 2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் ஒரு மதிப்பீடு செய்தார்கள். அது மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட எல்லா மரணங்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு. புற்றுநோய்க்கு அதைப் பொருத்துவது தவறு. ஆனால், காற்றைக் குழந்தையும் கர்ப்பிணியும் சேர்ந்தே சுவாசிக்கிறார்கள் என்பதால் காற்று மாசால் ஏற்படும் மொத்தச் சாவு பெரிதாகத்தான் இருக்கிறது. இதில் ஆலைகளையும் அரசையும் தப்பவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராம். நம் நாட்டுச் சட்டம் 40 வரை அனுமதிக்கிறது.

பீடியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இலையில் சுற்றியது, புகையிலையும் கொஞ்சம், ஆகவே சிகரெட்டைவிடத் தீங்கு குறைவு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. சரக்கு, சேவை வரி 2017இல் வந்தபோது சிகரெட்டுக்குக் கூடுதல் தீர்வை விதித்த அரசும் பீடிக்கு விதிக்கவில்லை. உண்மையோ நேர்மாறானது. பீடி இலையில் காற்று எளிதில் புகாது. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். எனவே தாரும் நிகோடினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிட அதிகமாகவே உள்ளே போகின்றன. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் எல்லாமே அதன் பாதையில் இருப்பவை. புகையே இல்லாத வாய்ப் புகையிலையும் வாய்ப்புற்றை உண்டாக்குகிறது. அங்கே காற்றைக் குறைசொல்லிப் பயனில்லை.

டில்லிப் புகையை விட்டு நம் வீட்டுப் புகைக்கு வருவோம். விறகடுப்பின் புகையைப் புற்றுநோய்க்கு அநேகமாகக் காரணம் என்று மேற்சொன்ன நிறுவனம் இரண்டாம் பிரிவில் வைத்திருக்கிறது. அந்த அடுக்களைக்குப் பக்கத்துத் திண்ணையில் வீட்டுக்காரர் பீடியும் பற்றவைத்தால், புகைக்காத மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் 20 முதல் 30 சதவீதம் கூடுகிறது.

வயலில் கரும்புச் சோகையைக் கொளுத்துகிறோம். ஓர் எக்டேருக்குச் சுமார் 10 டன் சோகை கிடைக்கும். கொளுத்தினால் அதிலுள்ள தழைச்சத்தும் கந்தகமும் புகையோடு போய்விடும். மறுதாம்புப் பயிரில் ஒரு சால் விட்டு ஒரு சாலில் பரப்பினால் ஈரம் நிற்கும், களையும் அடங்கும். ஆள்கூலி கூடுதல் என்பது நியாயமான குறைதான். இருந்தாலும் களைவெட்டும் கூலியில் மிச்சமாவதைச் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

இதைவிடக் கெட்டது, பழைய சொட்டுநீர்க் குழாய், உரச்சாக்கு, பிளாஸ்டிக் நிலப்போர்வை ஆகியவற்றை வரப்போரம் போட்டு எரிப்பது. பி.வி.சி. எரிந்தால் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டாகிறது. நிலப்போர்வைக்கு மானியம் தரும் அரசு, பயன்படுத்திய தாளைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டையும் அதே திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை தாளைச் சுருட்டி வைத்துப் பழைய பிளாஸ்டிக் வாங்குபவரிடம் கொடுத்துவிடலாம்.

நாற்பது ஆண்டு புகைத்தவர்கள், "இனி விட்டு என்ன பயன்?" என்கிறார்கள். விட்ட 10 முதல் 15 ஆண்டுகளில், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட்டால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பாதியாகிறது. இதயத்துக்கு நன்மை ஓராண்டிலேயே தெரியும். விட முடியாமல் தவிப்பவர்கள் 1800 11 2356 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசி ஆலோசனை பெறலாம். வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால், நாட்டு மருந்து தடவிக்கொண்டிராமல் அரசு மருத்துவமனையில் காட்டிவிடுங்கள்.